வயது வந்தோருக்கான கதை விளையாட்டில் உள்ளடக்க எச்சரிக்கை: எவ்வளவு சொல்வது, எதை முடக்க விடுவது?

கேள்வி: கதைத்தறி

பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோருக்கென ரென்பை என்ற மென்பொருளில் ஒரு விஷுவல் நாவலை, அதாவது படங்களோடும் வசனங்களோடும் படித்து விளையாடும் கதை விளையாட்டை, உருவாக்கி வருகிறேன். ஒரு தம்பதியின் உறவு மெல்ல மெல்லக் கண்காணிப்பாகவும் மிரட்டலாகவும் மாறுவதே கதை. பாலுறவுக் காட்சிகள் சில உண்டு. அவற்றுள் ஒன்றில் மனைவியின் சம்மதம் இல்லை. பிற்பகுதியில் ஒரு தற்கொலை முயற்சியும் வருகிறது.

சோதனைக்காக விளையாடியவர்களில் ஒருவர், இவை அனைத்தையும் முதல் திரையிலேயே பட்டியலிட வேண்டும் என்கிறார். மற்றொருவரோ, அப்படிச் செய்தால் கணவனின் மாற்றம் தொடங்குவதற்கு முன்பே தெரிந்துவிடும், அதன்பின் முதல் பாதியின் இனிமைக்கு மதிப்பே இருக்காது என்கிறார். எச்சரிக்கையை எவ்வளவு விரிவாக எழுதுவது என்பதும், விரும்பாத காட்சிகளை முடக்கும் தெரிவைக் கொடுத்தால் கதை சிதையாமல் எப்படிக் காப்பது என்பதும் என் ஐயங்கள்.

பதில்: நிழல்வரி

உங்களுக்கு மிக நெருக்கமான முன்னுதாரணம் 2021 ஆகஸ்டில் வெளியான பாய்ஃபிரண்ட் டஞ்சன். மான்ட்ரியாலின் கிட்ஃபாக்ஸ் கேம்ஸ் உருவாக்கிய அந்த விளையாட்டு, விரும்பத்தகாத நெருக்கம், பின்தொடர்ந்து தொல்லை செய்தல், உணர்வுகளைச் சுரண்டுதல் ஆகியவை பற்றிய குறிப்புகள் இடம்பெறக்கூடும் என்ற எச்சரிக்கையுடன்தான் வந்தது. அதைப் படித்தவர்கள், எங்கோ ஓரிடத்தில் ஒரு பேச்சாக வந்து போகும் என்றும், அந்தப் பாத்திரத்தை ஒதுக்கிவிட்டு விளையாடலாம் என்றும் எண்ணிக்கொண்டார்கள். உண்மையில் தொல்லை செய்பவன்தான் முதன்மைக் கதையின் எதிராளி. அவனைத் தவிர்த்து அந்தக் கதையை முடிக்க வழியில்லை. எதிர்ப்பு எழுந்ததும், வாசகம் போதுமானதாக இல்லை என்பதை ஏற்று நிறுவனம் வருத்தம் தெரிவித்தது, எச்சரிக்கையைத் திருத்தியது. கதையை மாற்றவில்லை. மாற்றியிருக்கத் தேவையும் இல்லை என்பது என் கருத்து.

இத்தனைக்கும் அதே விளையாட்டில், தாயிடமிருந்து வரும் அன்பான குறுஞ்செய்திகள் வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடலாம். தாயை இழந்தவர்களையும் தாயுடன் உறவு முறிந்தவர்களையும் நினைத்துப் பார்த்துச் செய்த ஏற்பாடு அது. தாயின் செய்திகளை எடுத்துவிட்டால் கதை சிறிதும் அசையாது. எதிராளியை எடுத்துவிட்டால் கதையே மிஞ்சாது. எனவே ஒவ்வொரு உள்ளடக்கத்தையும் பற்றி, அது கண்முன் நிகழ்கிறதா, வாய்மொழியாக மட்டும் வருகிறதா, தவிர்க்க முடியுமா, முடியாதா என்று எழுதுங்கள். பெயர்களை மட்டும் அடுக்கும் பட்டியலைவிட இந்த விவரமே விளையாட்டாளருக்கு உதவும்.

திருப்பம் வெளியாகும் என்ற அச்சத்துக்கு, இரண்டு அடுக்குகளாக எழுதுவது போதும். 2017-இல் வெளியான டோக்கி டோக்கி லிட்ரேச்சர் கிளப், பார்வைக்கு இனிய பள்ளிக் காதல் கதையாகத் தொடங்கித் திகிலாக மாறுவது. அதன் தொடக்கத் திரை, குழந்தைகளுக்கும் எளிதில் மனம் கலங்குவோருக்கும் உகந்ததல்ல என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, விரிவான பட்டியல் வேண்டுவோரை இணையதளத்துக்கு அனுப்பியது. பட்டியலைத் திறப்பவர், திருப்பத்தை இழக்கச் சம்மதித்தே திறக்கிறார்.

பதில்: பழையகன்ட்ரோலர்

எச்சரிக்கையின் ஆற்றலை நாம் கொஞ்சம் மிகையாக மதிப்பிடுகிறோமோ என்று தோன்றுகிறது. இத்தகைய எச்சரிக்கைகள் குறித்த ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரையொன்று 2023-இல் ஓர் உளவியல் ஆய்விதழில் வெளியானது. எச்சரிக்கையைப் படித்தவர்களுக்கு, பின்னர் பார்த்தது தந்த வேதனை குறையவில்லை என்றும், பார்ப்பதற்கு முன்பான பதற்றம் மட்டும் கூடியது என்றும் அது கண்டது. எச்சரிக்கப்பட்டவர்கள் அந்த உள்ளடக்கத்தை விட்டு விலகிச் சென்றதாகவும் தெரியவில்லை. ஆகவே நான்கு வரி எழுதிவிட்டதாலேயே எவரையும் பாதுகாத்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம்.

விளையாட்டை விற்கும் இணையக் கடையில் அதற்கென உள்ள பக்கம் பெருமளவு வேலையை ஏற்கெனவே செய்துவிடுகிறது. 2018 முதல் ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுக் கடையில், வயது வந்தோருக்கான உள்ளடக்கம் என்னவென்று உருவாக்கியவரே தம் சொற்களில் விளக்க வேண்டும். வெளிப்படையான பாலுறவு விளையாட்டுகள், பயனர் தம் கணக்கில் தாமாக அனுமதித்தாலன்றிக் கண்ணில் படுவதே இல்லை. அங்கே எழுதும் பத்தியை ஒழுங்காக எழுதுங்கள். பணம் கொடுப்பதற்கு முன்பு படிக்கக் கூடியது அது ஒன்றுதான்.

பதில்: மௌனமெனு

மேலே குறிப்பிட்ட ஆய்வுகள் எச்சரிக்கை வாசகத்தின் விளைவை அளந்தவை. எச்சரித்துவிட்டு, அந்தக் காட்சியைத் தாண்டிச் சென்று கதையைத் தொடரும் வாய்ப்பையும் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை அவை அளக்கவில்லை. வாசகர் ஒரு பத்தியைத் தாண்டிப் படிக்கலாம், திரைப்படம் பார்ப்பவர் கண்ணை மூடிக்கொள்ளலாம். விளையாட்டிலோ பொத்தானை அழுத்தும் கை விளையாடுபவருடையது, அழுத்தாவிட்டால் கதை நகராது. இந்த வேறுபாட்டை ஆய்வு பேசுவோர் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

2009-இல் வெளியான கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2 இதில் நல்ல முன்மாதிரி. விமான நிலையத்தில் பொதுமக்கள் கொல்லப்படும் கட்டத்தைத் தாண்டிச் செல்லலாமா என்று அது முன்கூட்டியே கேட்டது. தாண்டினாலும் சாதனைப் பதக்கங்களிலோ விளையாட்டை முடிப்பதிலோ எந்த இழப்பும் இல்லை என்று உறுதியளித்தது. அந்த உறுதி இல்லையென்றால் தெரிவே பொய்யாகிவிடும். தாண்டியவரைக் கோழை என்று கேலி செய்யும் பெயரை மெனுவில் வைக்கும் விளையாட்டுகளைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

கதைத்தறிக்கு என் யோசனை: நிர்வாணம், பாலுறவு ஆகியவற்றின் வெளிப்படைத்தன்மைக்கு ஒரு தெரிவையும், சம்மதமற்ற காட்சிக்குத் தனியாக ஒரு தெரிவையும் வையுங்கள். இரண்டையும் ஒரே பொத்தானில் கட்டாதீர்கள். காதல் காட்சியை விரும்பும் ஒருவர் வன்முறையை விரும்பாதிருப்பது மிகவும் இயல்பு. நிர்வாணத்தால் கூச்சமடையும் ஒருவர் வன்முறை பற்றிய கதையை முழுமையாகப் படிக்க விரும்புவதும் அவ்வாறே. தற்கொலை முயற்சிக்கு, காட்சிக்குச் சற்று முன்பாக வரும் அறிவிப்பு பொருந்தும். 2021-இல் வந்த டோக்கி டோக்கியின் ப்ளஸ் பதிப்பில் அத்தகைய அறிவிப்பு உண்டு. வேண்டுவோர் மட்டும் அதை இயக்கிக்கொள்ளலாம்.

கேள்வி கேட்டவர்: கதைத்தறி

தெரிவுகளைப் பிரிப்பதை ஏற்கிறேன். என் சிக்கல், சம்மதமற்ற காட்சியில்தான் இருக்கிறது. மனைவி வீட்டைவிட்டு வெளியேறும் முடிவு அந்த இரவிலிருந்துதான் பிறக்கிறது. காட்சியை முடக்கியவருக்கு, மறுநாள் அவள் ஏன் பெட்டியைக் கட்டுகிறாள் என்பதே புரியாது.

பதில்: மௌனமெனு

முடக்க வேண்டியது காட்சியை, நிகழ்வை அல்ல. மேசையைச் சுற்றி அமர்ந்து பாத்திரமேற்றுக் கதை சொல்லி ஆடும் மேசை விளையாட்டுக்காரர்களிடம் இதற்குப் பழைய வழக்கமொன்று உண்டு. சில விஷயங்கள் கதையில் வரவே கூடாது என்று கோடு போடுவார்கள். வேறு சில நிகழலாம், ஆனால் திரைக்குப் பின்னால் நிகழட்டும் என்று விடுவார்கள். உங்கள் தெரிவு இரண்டாம் வகையைச் சேர்ந்தது. கதவு சாத்தப்படுவதோடு இரவை முடித்துவிட்டு, காலையில் அவள் தன் தங்கையிடம் சொல்லும் இரண்டு வாக்கியங்களில் நடந்ததைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அந்த நிகழ்வையே கதையில் விரும்பாதவருக்கு இந்த விளையாட்டு பொருந்தாது. அதையும் கடைப் பக்கத்தில் மறைக்காமல் எழுதிவிடுங்கள்.

பதில்: ரென்பைத்தச்சன்

விளையாடுபவரின் தெரிவுகளை நிரலின் சாதாரண மாறிகளில் வைக்காதீர்கள், எந்தச் சேமிப்புக் கோப்போடும் ஒட்டாமல் தனியே நிலைத்திருக்கும் பெர்சிஸ்டென்ட் மாறிகளில் வையுங்கள். சாதாரண மாறி சேமிப்புக் கோப்போடு ஒட்டிக்கொள்ளும். விளையாடுபவர் பாதியில் ஒரு காட்சியை முடக்கிவிட்டு, பின்னோக்கி நகர்ந்தாலோ பழைய சேமிப்பைத் திறந்தாலோ பழைய மதிப்பே திரும்பி வந்துவிடும். முடக்கியதாக நம்பியிருப்பவர் முன்னால் அந்தக் காட்சி வந்து நிற்கும். எச்சரிக்கையே இல்லாதிருப்பதைவிட அது மோசம்.

காட்சிக்கு முந்தைய அறிவிப்பை வெறும் வசனமாக எழுதினால், வேகமாகத் தாண்டும் வசதியைப் பயன்படுத்துபவர் அதைக் காணாமலேயே கடந்துவிடுவார். தொடர்வதா, சுருக்கத்தைப் படிப்பதா என்று கேட்கும் மெனுவாக எழுதினால் தாண்டுதல் அங்கே நின்றுவிடும்.

முடக்கும் தெரிவு இருப்பதால் வயது மதிப்பீட்டைக் குறைத்துக் கேட்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். 2005-இல் ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸின் கோப்புகளுக்குள் பூட்டி வைக்கப்பட்டிருந்த ஒரு பாலுறவுக் காட்சியை வெளியார் எழுதிய மாற்றுநிரல் திறந்து காட்டியபோது, அமெரிக்க மதிப்பீட்டு வாரியமான ஈஎஸ்ஆர்பி அந்த விளையாட்டின் மதிப்பீட்டை வயது வந்தோருக்கு மட்டும் என்று உயர்த்தியது. எவரும் வழக்கமான முறையில் விளையாடி அந்தக் காட்சியை அடைய முடியாது என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. உங்கள் விளையாட்டில் அனைத்தும் முடக்கப்பட்டிருந்தாலும், மதிப்பீட்டுக்கான படிவத்தில் அனைத்தும் இயங்கும் நிலையை வைத்தே விடையளியுங்கள்.