கனடாவின் மேற்கு மாகாணச் சிற்றூர்கள் தம் வரலாற்றை எப்படித் தொகுத்தன?

கேள்வி: வியாசர்பாடி வாசகர்

வணக்கம். 1964-க்குப் பின் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்து வியாசர்பாடியில் குடியமர்ந்த குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. அப்படி வந்தவர்கள் எங்கள் தெருவில் எழுப்பிய படிப்பகத்தின் வரலாற்றை எழுத நான்கைந்து பேர் ஓராண்டாக முயன்று வருகிறோம். யாரிடம் கேட்டாலும் அவரவர் குடும்பக் கதை கிடைக்கிறதே தவிர, எல்லாருக்கும் பொதுவான கதை கிடைப்பதில்லை. கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் வேலை பார்க்கும் என் அக்கா மகன், அங்கே சில நூறு பேரே வாழ்ந்த ஊர்கள்கூடத் தமக்கென்று தடித்த வரலாற்று நூல் வைத்திருப்பதாகச் சொல்கிறான். எழுத்தாளர்கள் அல்லாத உழவர் குடும்பங்கள் அவற்றை எந்த ஒழுங்கில் தொகுத்தன என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற ஆசிரியை, பெரம்பூர்

தம்பி, அவர்களுக்கு அந்த ஒழுங்கைத் தந்தது நில அளவை. 1872-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து டாலர் கட்டணம் செலுத்தியவருக்கு 160 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. மூன்றாண்டு அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, நிலத்தைப் பண்படுத்திக் காட்டினால் பட்டா கிடைத்தது. சமவெளி முழுவதையும் ஆறு மைல் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்தையும் 36 செக்‌ஷன்களாக வகுத்து எண்ணிட்டிருந்ததால், தெருவே இல்லாத இடத்திலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் துல்லியமான முகவரி இருந்தது. ஆகவே தொகுப்பாளர்கள் வரைபடத்தை விரித்துவைத்து, இந்த நிலத்தில் முதலில் யார் இருந்தார், அடுத்து யார் வாங்கினார் என்று கட்டம் கட்டமாகக் கேட்டுக்கொண்டே போக முடிந்தது.

பல நூல்களில் இயல்கள் பள்ளி வட்டாரங்களின் பெயரிலேயே அமைந்திருப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு சதுரத்திலும் 11, 29 ஆகிய இரு செக்‌ஷன்கள் கல்விக்கென்றே ஒதுக்கப்பட்டு, அவற்றை விற்ற பணம் பள்ளிகளுக்கான நிதியில் சேர்ந்தது. ஓரறைப் பள்ளிதான் வழிபாட்டுக்கும் வாக்குப்பதிவுக்கும் நடனத்துக்கும் கூடுமிடம். அதன் பெயரே சுற்றுவட்டாரத்தின் பெயராக நிலைத்துவிட்டது.

உங்கள் படிப்பகத்துக்கு இன்னும் நெருக்கமான உறவு ஒன்றும் அங்கே உண்டு. 1890-களிலிருந்து, அப்போது ஆஸ்திரியப் பேரரசில் இருந்த கலீசியாவை விட்டு வந்து, ஆல்பர்ட்டாவின் எட்மன்டன் நகருக்குக் கிழக்கே குடியேறிய உக்ரேனிய உழவர்கள், சொந்த ஊரில் பழகியிருந்த வாசிப்புச் சங்கத்தையும் உடன் கொண்டுவந்தார்கள். அவர்கள் கட்டிய ‘நரோத்னி தீம்’, அதாவது மக்கள் இல்லம், நூலகமாகவும் நாடக மேடையாகவும் பாடற்குழு பயிலும் இடமாகவும் விளங்கியது. ஆல்பர்ட்டாவும் சஸ்காட்செவனும் 1905-இல் மாகாணங்களாயின. 1955-இன் பொன்விழாவும் 1980-இன் 75-ஆம் ஆண்டு விழாவும், முதல் தலைமுறையின் நினைவுகள் மறையுமுன் எழுதிவிட வேண்டும் என்ற அவசரத்தை ஊர்தோறும் உண்டாக்கின.

மறுமொழி 2: இராயபுரத்தார்

அம்மா சொன்னவை அனைத்தும் சரியே. அந்த நூல்களில் நான் கண்ட இரண்டு குறைகளையும் சொல்லிவிடுகிறேன். முதல் குடியேறியவரிடமிருந்தே தொடங்கும் நூல்கள் பல. 1876-இல் அரசுக்கும் பூர்வகுடிகளுக்கும் இடையே நிலம் பற்றிய ஆறாம் உடன்படிக்கை கையெழுத்தாகும் முன்பே தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்த கிரீ எனும் பூர்வகுடி மக்கள் அவற்றில் ஓரிரு பத்திகளில் முடிந்துவிடுகிறார்கள். அடுத்து, விளைச்சல் பொய்த்து மூன்றாண்டு நிறைவதற்குள் நிலத்தைக் கைவிட்டுப் போனவர்கள். அவர்களுடைய பெயர் அரசின் நிலக் கோப்புகளில் இருக்கும்; ஆனால் எழுதிக்கொடுக்க அவ்வூரில் உறவினர் எவரும் மிஞ்சாததால் ஊர் நூலில் இராது. நீங்கள் வருமுன் அந்த இடத்தில் யார் இருந்தார்கள், வந்தபின் வேறிடம் பெயர்ந்த குடும்பங்கள் எவை என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

மறுமொழி 3: வியாசர்பாடி வாசகர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆளைத் தேடிப்போனோமே தவிர இடத்தைப் பிடித்துக் கேட்கவில்லை என்பது இப்போதுதான் புரிகிறது. படிப்பகத்தின் பழைய சந்தாப் புத்தகம் ஒன்று மழையில் நனைந்தும் பிழைத்திருக்கிறது. அதில் பெயருக்கு நேரே கதவு எண்ணும் உள்ளது. வரும் ஞாயிற்றுக்கிழமை அந்த எண்களைத் தெரு வரைபடத்தில் குறித்து, இன்று அந்த வீடுகளில் வேறு யாரோ குடியிருந்தாலும் அவர்களிடமிருந்தே விசாரிக்கத் தொடங்குகிறோம்.