பைலட் லைசென்ஸ் ஆசையா? ஊர்ல கிடக்கிற பழைய ஆஸ்பத்திரிச் சீட்டை முதல்ல தேடுங்க

கல்லிடைக்குறிச்சித் தம்பி ஒருத்தர் டல்லாஸ் போய் எட்டு மாசம் ஆகுதாம். பக்கத்து ஏர்ஃபீல்டுல சனி ஞாயிறு சின்ன விமானம் ஓட்டக் கத்துக்கலாமா, பிரைவேட் பைலட் லைசென்ஸுக்கு என்னென்ன வேணும்னு இங்க நம்ம குழுவுல கேட்டிருக்காரு. பதில் போட்ட அத்தனை பேரும் துட்டு எவ்வளவு ஆகும்னுதான் பேசுதாங்க. நான் லீவுக்குப் பாளையங்கோட்டை வந்திருக்கேன். கரண்டு வேற இல்ல, நிதானமாவே எழுதுதேன்.

மணிக்கணக்கை முதல்ல முடிச்சிருவோம். அமெரிக்காவுல தனியாப் பறக்க 16 வயசு, லைசென்ஸ் கைக்கு வர 17. குறைஞ்சது 40 மணி நேரம் பறந்திருக்கணும். அதுல 20 மணி இன்ஸ்ட்ரக்டரோட, 10 மணி தனியா. நாப்பதுலயே முடிக்கிற ஆள் அபூர்வம், எனக்கு 68 ஆச்சு. எழுத்துப் பரீட்சைல 60 கேள்வி, நூத்துக்கு 70 எடுத்தா பாஸ். கடைசியில எக்ஸாமினர் உக்கார வச்சுக் கேள்வி கேப்பாரு, பிறகு கூட ஏறிப் பறந்து பாப்பாரு. அதுக்குப் பேரு செக்ரைடு. ஆடி மாசம் முப்பந்தல் காத்தாலைகளுக்கு நடுவுல டிவிஎஸ் 50 ஓட்டின கைக்கு, பக்கக் காத்துல விமானத்தை இறக்குறது என்னன்னு சீக்கிரம் பிடிபட்டுரும். ஒரு பக்கம் சாய்ச்சுப் பிடிச்சுக்கிட்டே நேராப் போகணும், அம்புட்டுதான்.

நம்ம ஆளுங்க மாட்டுறது மெடிக்கல்ல, அதாவது உடல் தகுதிச் சான்றுல.

பிரைவேட் லைசென்ஸுக்குத் தேர்ட் கிளாஸ் மெடிக்கல் போதும். 40 வயசுக்குள்ள எடுத்தா 60 மாசம் செல்லும், அதுக்கு மேலன்னா 24 மாசம். சாதாரண டாக்டர் தர முடியாது. எஃப்.ஏ.ஏ.ங்கிற அமெரிக்க விமானத்துறை ஆணையம் விமானிகளைச் சோதிக்கன்னே நியமிச்ச ஏ.எம்.இ. டாக்டர்ட்டதான் போகணும். போறதுக்கு முன்னாடி மெட்எக்ஸ்பிரஸ்னு ஒரு தளத்துல ஃபாரம் நிரப்பணும். கண்ணு, காது, பிரஷர், மூத்திரம் பாக்கிறதெல்லாம் அரை மணி நேர வேலை. கண்ணாடி போட்டு 20/40 தெரிஞ்சாப் போதும், நம்மூர்ச் சீட்டுல 6/12னு எழுதுற அதே அளவு. பிரஷர் 155/95 தாண்டக் கூடாது.

வில்லங்கம் அந்த ஃபாரத்துல இருக்கு. 18ஆவது கேள்வி, "உங்க வாழ்நாள்ல எப்பவாவது இதெல்லாம் இருந்திருக்கா"ன்னு ஒரு நீளப் பட்டியல். வலிப்பும் அதுல ஒண்ணு. எனக்கு ரெண்டு வயசுல காய்ச்சல்ல ஒரு தடவை வெட்டி இழுத்துச்சுன்னு அம்மா சொல்லிக் கேட்டிருக்கேன். அம்மா கணக்குல அது மாந்தம், வேப்பிலை அடிச்சுச் சரியாப் போச்சு. ஃபாரத்துல மாந்தம்னு கட்டம் கிடையாது. நான் "ஆமா"ன்னு போட்டேன். டாக்டர், பேப்பர் எங்கன்னாரு. இல்லன்னேன். அவரு கையெழுத்துப் போடாம ஃபைலை ஓக்லஹோமா சிட்டியில இருக்கிற எஃப்.ஏ.ஏ. மெடிக்கல் ஆபீஸுக்கு அனுப்பிட்டாரு. அதுக்குள்ள நான் 11 மணி நேரம் பறந்திருந்தேன், பள்ளிக்கு மொத்தமா முன்பணமும் கட்டியிருந்தேன். அஞ்சு மாசம் தரையிலயே கிடந்தேன்.

அந்தக் காய்ச்சலுக்கு ஊர்ல என்னைச் சேத்த தனியார் ஆஸ்பத்திரியில முப்பது வருஷ ரெக்கார்டை எவன் வச்சிருப்பான்? அப்பா ரெண்டு நாள் அலைஞ்சாரு. கடைசியில அம்மாவோட டிரங்குப் பெட்டியில, ரேஷன் கார்டுக்கு அடியில, மஞ்சளாப்போன ஒரு சீட்டு. டாக்டர் கையெழுத்துல "காய்ச்சல் வலிப்பு, ஒரு முறை"ன்னு இங்கிலீஷ்ல மூணே வார்த்தை. அதை வச்சு ஒரு நரம்பு டாக்டர்ட்ட லெட்டர் வாங்கி அனுப்பின பிறகுதான் மெடிக்கல் வந்துச்சு.

அப்போ எங்க சித்தப்பா மகன், "இல்லன்னு போட்டுட்டுப் போல, எவனுக்குத் தெரியப்போவுது"ன்னான். அந்த ஃபாரத்துலயே எழுதியிருக்கு: பொய் சொன்னா 2,50,000 டாலர் வரை அபராதம், 5 வருஷம் வரை ஜெயில். விசாவுல இருக்கிறவன் அந்த விளையாட்டுக்கே போகக் கூடாது.

அதனால வரிசையை மாத்துங்க. ஃபாரத்தை முடிச்சதும் ஒரு உறுதி நம்பர் வரும். அந்த நம்பரை டாக்டர்ட்டக் குடுத்து அவர் திறந்தாதான் அது முறையான விண்ணப்பம். அதுக்கு முன்னாடியே ஏ.எம்.இ.கிட்ட வெறும் ஆலோசனைக்கு நேரம் கேளுங்க, பெரும்பாலானவங்க தருவாங்க. என்ன பேப்பர் வேணும்னு சொல்லுவாரு, அதைச் சேத்துட்டுப் பிறகு நம்பரைக் குடுங்க. ஒரு தடவை மெடிக்கல் மறுத்துட்டாங்கன்னா, மெடிக்கல் இல்லாம கார் டிரைவிங் லைசென்ஸை வச்சே சின்ன ஸ்போர்ட் விமானம் ஓட்டுற வழியும் சேந்து அடைபட்டுரும்.

நம்ம வீட்டு விஷயம் இன்னும் சிலது. சளி பிடிச்சா வாயில போடுற சிட்ரிசின் மாத்திரை தூக்கம் தர்றதுங்கிறதால விமானிக்கு ஆகாது. லோராடடின், ஃபெக்ஸோஃபெனடின் ஒத்துக்கிடும். சுகருக்கு மாத்திரை போட்டா கதவு அடைக்கல, ஆனா ஸ்பெஷல் இஷ்யூவன்ஸ்னு தனி வழியில போகணும், ரிப்போர்ட் கேப்பாங்க. சிறுநீரகக் கல்லுக்கும் பட்டியல்ல இடம் உண்டு. நம்ம வெயில்ல கல்லு வராத வீடு எது? ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுராதீங்க. கடைசி 3 வருஷத்துல பாத்த டாக்டர் எல்லாரையும் எழுதணும், லீவுல வந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி பக்கம் ஊசி போட்டதும் அதுல சேத்தி. கடையில வாங்கிப் போடுற மருந்தையும் சொல்லணும். நாட்டு மருந்து, லேகியம் சாப்பிட்டா அதையும் மறைக்காதீங்க.

அடுத்தது டி.எஸ்.ஏ., அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு. அமெரிக்கக் குடியுரிமை இல்லாத எல்லாருக்கும், கிரீன் கார்டு இருந்தாலும், பயிற்சி தொடங்குறதுக்கு முன்னாடி பாதுகாப்புச் சோதனை முடியணும். கைரேகை எடுப்பாங்க, கட்டணம் உண்டு. ஆசைக்கு ஒரு தடவை கூட்டிட்டுப் போய்க் காட்டுற டெமோ பறத்தலுக்கு இது வேண்டாம். இங்க நம்ம இனிஷியல் பிரச்சினை தலைதூக்கும். பாஸ்போர்ட்ல ஒரே பேரா இருந்து, விசாவுல எஃப்.என்.யு.ன்னு (முதல் பேரு தெரியலங்கிறதுக்கு இங்கிலீஷ் சுருக்கம்) அடிச்சுக் குடுத்திருந்தா, டி.எஸ்.ஏ., எஃப்.ஏ.ஏ. விண்ணப்பம், மெடிக்கல் மூணுலயும் பேரு எப்படிப் போகணும்னு பள்ளிக்காரங்கட்ட முதல் நாளே கேட்டு ஒரே மாதிரி போடுங்க. ஒண்ணுல அப்பா பேரு முன்னாடி, இன்னொண்ணுல பின்னாடின்னு இருந்தா கட்டிக்கிட்டு அழணும்.

விசிட்டர் விசாவுல வந்து லைசென்ஸ் படிக்க முடியாது. வேலை விசாக்காரங்க வேலைக்குப் போய்க்கிட்டே படிக்கிறதுன்னாலும் சேர்றதுக்கு முன்னாடி கம்பெனி வக்கீல்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க. பிரைவேட் லைசென்ஸை வச்சு சம்பளத்துக்குப் பறக்க முடியாது, அது தனி லைசென்ஸ்.

லண்டன், டொராண்டோ போனவங்களுக்கு: ரெண்டு இடத்துலயும் 45 மணி நேரம். பிரிட்டன்ல கிளாஸ் 2 மெடிக்கல், கனடாவுல கேட்டகிரி 3.

கீழே ஒரு அண்ணாச்சி, தனக்கு 52, சாதாரண டாக்டர்ட்டயே சோதிச்சுக்கிடுற பேசிக்மெட் வழியை எடுத்தா ஏ.எம்.இ. வேண்டாமேன்னு கேட்டிருக்காரு. 2017ல வந்த வழி அது, உண்மைதான். ஆனா 2006 ஜூலை 14க்கு அப்புறம் ஒரு தடவையாவது முறையான மெடிக்கல் வாங்கினவங்களுக்குத்தான். புதுசா வர்ற ஆள் முதல் தடவை ஏ.எம்.இ. வாசலை மிதிச்சே ஆகணும் அண்ணாச்சி.

அம்பாசமுத்திரத்து அக்கா ஒருத்தங்க, மகனுக்கு 15 வயசு, அவனோட தாய்மாமாவுக்குச் சிவப்பு பச்சை சரியாத் தெரியாது, பையனுக்கும் இருக்குமான்னு கேட்டிருக்காங்க. அக்கா, இது அம்மா வழியா ஆம்பளப் பிள்ளைக்கு வர்றதுதான், அதனால சந்தேகம் சரியானது. நேரா ஏ.எம்.இ.கிட்டப் போயிராதீங்க. 2025 ஜனவரியிலேர்ந்து புதுசா விண்ணப்பிக்கிறவங்களுக்குக் கம்ப்யூட்டர்லதான் கலர் டெஸ்ட். அடுத்த மாசம் ஊருக்கு வாறீங்கல்லா, இங்கேயே ஒரு கண் டாக்டர்ட்ட, கலர் புள்ளிக்குள்ள நம்பர் தெரியுதான்னு பாக்கிற புள்ளிப் புத்தகத்தைக் காட்டிப் பாருங்க, அஞ்சு நிமிஷ வேலை. அதுல தடுமாறினான்னா இந்தக் குழுவுலயே வந்து எழுதுங்க.