டெலிகிராம் குழுவில் ரசிகர் சண்டை: மீம் இருக்கணும், வசவு போகணும், வழி உண்டா?

சென்னை சினிமா ரசிகர் குழு, சுமார் 600 பேர். விஜய், அஜித், ரஜினி, கமல் ரசிகர்கள் எல்லாரும் உண்டு. வடிவேலு மீம்தான் குழுவின் உயிர். புதுப்பட நாளில்தான் சிக்கல். இங்கே முதல் காட்சி காலை 9 மணிக்கு. கேரளா, பெங்களூருவில் அதற்கு முன்பே படம் ஓடி விமர்சனம் வந்துவிடும். கூடவே ஒரு வசூல் ஸ்கிரீன்ஷாட். கொஞ்ச நேரத்தில் வீட்டுப் பெண்களை இழுத்துத் திட்டுகிறார்கள். நல்ல மீம் போடுகிறவர்கள் விலகுகிறார்கள், அதுதான் வலிக்கிறது.

ஸ்லோ மோடு (ஒருவர் ஒரு செய்தி போட்டபின் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டிய இடைவெளி) 30 விநாடி வைத்தோம்: திட்டுகிறவர் காத்திருந்து நீளமாகத் திட்டுகிறார். 5 நிமிடம் வைத்தால் பதிலுக்குப் பதில் போடும் நகைச்சுவை செத்துவிடுகிறது. ஸ்டிக்கர், ஜிஃப் தடைக்குப் பலன் இல்லை, படமாக அனுப்புகிறார்கள். குறிப்பிட்ட சொல் வந்தால் செய்தியைத் தானாக அழிக்கும் பாட் (bot) ஒன்றில் 'தல' சேர்த்தோம்; தோனி பேச்சும் 'தலைவலி'யும்கூட அழிந்தன. வசவுச் சொற்களோ நடுவில் புள்ளி வைத்து, இல்லையென்றால் ஆங்கில எழுத்தில் வந்துவிடுகின்றன. வசூலுக்குக் குழுவுக்குள்ளேயே தனி டாபிக் (உட்பிரிவு) திறந்தும், அங்கிருந்து பொதுப் பகுதிக்கு ஃபார்வர்டு ஆகிறது.

அட்மின் மூவரும் பகலில் வேலைக்குப் போகிறவர்கள்.

பெரிய ரசிகர் குழு நடத்துகிறவர்களே, ரிலீஸ் நாளில் மீமை முடக்காமல் வசவை மட்டும் தடுக்க எந்த பாட், எந்த செட்டிங் உங்களுக்குப் பலித்தது?