பெவர்லி மேனரில் ஒரு பழைய நிலத்தைத் தேடியபோது

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஸ்டான்டன் பக்கம் இருக்கிறோம். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு 78 வயது. 1740களில் தன் முன்னோர் வாங்கிய நிலம் எது என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று வெகுநாள் ஆசை அவருக்கு. போன வருடம் நானும் கூடச் சேர்ந்து தேடினேன்.

முதல் இரண்டு மாதம் வீணாகப் போயிற்று. மாநில நூலகத்தின் நிலப் பட்டயங்களில், அதாவது அரசு முதன்முதலில் நிலம் வழங்கிய ஆவணங்களில், அவர்கள் குடும்பப் பெயரே இல்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. 1736இல் வில்லியம் பெவர்லிக்கும் கூட்டாளிகளுக்கும் 1,18,491 ஏக்கர் ஒரே பட்டயமாகக் கொடுக்கப்பட்டது. அதுதான் பெவர்லி மேனர். அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரிலிருந்து வந்த குடும்பங்கள் பெவர்லியிடம் கிரயம் வாங்கிக் குடியேறியவை. அப்படியென்றால் தேட வேண்டியது கிரயப் பத்திரத்தை. சரி என்று அந்தப் பகுதிக்குரிய அகஸ்டா கவுண்டியின் (நம் மாவட்டம் போன்றது) பதிவேடுகளைப் புரட்டினால் அங்கேயும் இல்லை. ஆரஞ்சு கவுண்டியிலிருந்து அகஸ்டாவைப் பிரித்தது 1738இல் என்றாலும், அதன் நீதிமன்றம் கூடியது 1745இல்தான். அதுவரை பதிவெல்லாம் ஆரஞ்சு கவுண்டியில். அங்கே கிடைத்துவிட்டது.

நம் ஊர்ப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவது போல இதில் மரங்களை எழுதியிருந்தார்கள். ஓடைக்கரையில் இரண்டு வெள்ளை ஓக், அங்கிருந்து இத்தனை டிகிரியில் இத்தனை 'போல்' போனால் ஒரு ஹிக்கரி, இப்படியே சுற்றி வந்து பழையபடி அதே ஓக். ஒரு போல் என்பது பதினாறரை அடி, நம் சர்வே சங்கிலியில் கால் பங்கு. அந்த மரங்களில் ஒன்றுகூட இன்று கிடையாது. ஆனால் ஓடை இருக்கிறதே! பத்திரத்தில் பக்கத்து நிலக்காரர்கள் பெயரும் இருந்தது. அவர்கள் பத்திரங்களையும் எடுத்து, மூன்று நிலங்களையும் ஒரே அளவுத்திட்டத்தில் வரைந்து ஒட்டினோம். ஒற்றை நிலத்தை மட்டும் வைத்துத் தேடாதீர்கள், வரைபடத்தில் எங்கே வைத்தாலும் பொருந்துவது போலத்தான் தெரியும்.

ஓடை ஓரத்தில் காரை நிறுத்தி, பானெட்டின் மேல் வரைபடத்தை விரித்து, கண்ணாடித்தாளில் வரைந்ததை அதன்மேல் வைத்தோம். நேராக வைத்தால் பொருந்தவில்லை. அன்றைய திசைகாட்டி காட்டிய வடக்கும் இன்றைய வடக்கும் ஒன்றல்ல. பாட்டி தாளை விரலால் மெல்லத் திருப்பினார். சில டிகிரிதான். ஓடையின் வளைவு கோட்டுக்கு அடியில் அப்படியே வந்து உட்கார்ந்தது. மேற்கு எல்லை இன்றைக்கும் ஒரு மேய்ச்சல் நிலத்தின் வேலி.

இப்போதைய உரிமையாளரிடம் அனுமதி கேட்டு உள்ளே போனோம். நான் பத்திரத்தை வரி வரியாக வாசித்துக்கொண்டே வந்தேன். பாட்டி வேலியைப் பிடித்தபடி அந்தக் கோட்டை முழுக்க நடந்தார்.