பாசஞ்சர், மெமு: பெயர்தான் மாறியதா?

வில்லியனூர்வாசி:
வில்லியனூரிலிருந்து விழுப்புரத்துக்கு ரயிலில் 10 ரூபாயில் போய்க்கொண்டிருந்தோம். கொரோனாவுக்கு அப்புறம் 30 கேட்டார்கள், பிறகு மறுபடி 10 ஆனது. அப்பா இன்னும் பாசஞ்சர் என்றுதான் சொல்கிறார், அறிவிப்பில் மெமு என்கிறார்கள். பெயர் மட்டும் மாறியதா, வண்டியே வேறா?

பண்ருட்டி சீசன்:
வண்டி வேறு. கட்டணம் ஏறி இறங்கியதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

பாசஞ்சர் என்றால் எஞ்சின் தனி, பெட்டிகள் தனி. உங்கள் பாதையில் புதுச்சேரியோடு தண்டவாளம் முடிந்துவிடும். அதனால் வந்த எஞ்சினைக் கழற்றி, பக்கத்து லைனில் சுற்றிக் கொண்டுபோய், மறுமுனையில் மாட்ட வேண்டும். ஷண்டிங் ஆள் நடுவில் இறங்கி கப்ளிங்கை (இணைப்புக் கொக்கியை) மாட்டி, காற்றுக் குழாயை இணைத்து, கையைக் காட்டிய பிறகுதான் வண்டி புறப்படத் தயாராகும். மெமு என்பது மின்சாரத்தில் ஓடும், தனி எஞ்சின் இல்லாத ரயில்; அதில் அந்த வேலையே கிடையாது. இரண்டு முனையிலும் ஓட்டும் அறை உண்டு. லோகோ பைலட் பையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கோடிக்கு நடந்தால் போதும்.

மோட்டார் பெட்டியிலேயே இருப்பதால் சட்டென்று வேகம் பிடிக்கும். சேர்ந்தனூர், திருத்துறையூர், மேல்பட்டாம்பாக்கம் என்று அடுத்தடுத்து நிற்கிற எங்கள் பக்கத்துக்கு அதுதான் பெரிய லாபம். வாசலும் அகலம், பலாப்பழ மூட்டையை இடிக்காமல் ஏற்றலாம். 1995-இல் மேற்கு வங்கத்தில் அசன்சோல் பக்கம் மெமு ஓடத் தொடங்கியது. நமக்கு மின்கம்பி இழுத்த பிறகுதான் வந்தது. டெமு இதற்கு டீசல் தம்பி, கம்பி இல்லாத பாதைக்கு.

கட்டணத்துக்கு வருவோம். 2020 மார்ச்சில் எல்லாம் நின்றது. திரும்ப விட்டபோது சாதாரண வண்டிக்கும் 'ஸ்பெஷல்' என்று பெயர் வைத்து, எக்ஸ்பிரஸின் குறைந்தபட்சக் கட்டணமான 30 ரூபாயை வாங்கினார்கள். 2024 பிப்ரவரியில்தான் பழைய 10 திரும்பியது. அதே ஸ்டேஷன்கள், அதே நிறுத்தங்கள், மூன்று மடங்கு காசு! கடலூருக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

முதுநகர் ஜங்ஷன்:
வண்டியின் எண்ணைப் பார்த்தாலே எந்த வகை என்று தெரியும். 2010 டிசம்பரில் ஐந்திலக்க எண் வந்தது. 5-இல் தொடங்கினால் பாசஞ்சர், 6 மெமு, 7 டெமு. கொரோனா ஸ்பெஷல்களுக்கு 0 போட்டிருந்தார்கள். ஆனால் புதுச்சேரி–திருப்பதி வண்டியில் ஏமாந்துவிடாதீர்கள். பார்க்க மெமுதான், எண் 16-இல் தொடங்கும், எக்ஸ்பிரஸ் கட்டணம்.

வில்லியனூர்வாசி:
நன்றி. அப்படியே இன்னொன்று: புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு மெமு விட்டால் என்ன?

பண்ருட்டி சீசன்:
நேர் பாதையே இல்லையே சார். கடற்கரையோரமாக ஒரு பாதை கேட்டுக்கொண்டேதான் இருக்கிறோம். இப்போதைக்கு விழுப்புரம் போய்ச் சுற்றித்தான் வர வேண்டும். பேசாமல் பஸ்ஸைப் பிடியுங்கள்.