ஸ்டையர்-பூக் 500: பின்னால் இருப்பது பூக் இன்ஜினா, ஃபியட் இன்ஜினா?

குமரன்_வி
ஆஸ்திரியாவின் கிராட்ஸ் பக்கத்தில் ஒரு ஸ்டையர்-பூக் 500 (ஃபியட் 500 பாடியில் ஆஸ்திரியாவில் செய்த குட்டிக் கார்) விலைக்கு வந்திருக்கிறது. 'அசல் பூக்' என்று விளம்பரம். ஆனால் பின்மூடி திறந்த படத்தில் இரண்டு சிலிண்டரும் அடுத்தடுத்து நிமிர்ந்து நிற்கின்றன. இது சரிதானா? நேரில் போனால் எதைப் பார்க்க வேண்டும்?

இரட்டை_சிலிண்டர்
சரியில்லை. அது ஃபியட் இன்ஜின். 1957-இல் வந்த பூக் 500-க்கு ஃபியட்டிடமிருந்து வந்தது பாடிதான். இன்ஜின் கிராட்ஸில் செய்தது. எரிக் லெட்விங்கா வடிவமைத்த காற்றுக்குளிர்ச்சி பாக்ஸர். சிலிண்டர்கள் இரு பக்கமும் படுத்திருக்கும். போர் (சிலிண்டர் விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 64 மி.மீ., 493 சி.சி., 16 குதிரைத்திறன். அன்றைய ஃபியட் 479 சி.சி., 13 குதிரைத்திறன். ஆஸ்திரிய மலைச்சாலைக்கு இந்த வித்தியாசம் பெரிது.

பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிப் பாருங்கள். பூக்கின் பின் ஆக்ஸில் ஸ்விங் வகை. சக்கரம் தொங்கும்போது அடிப்பக்கம் நன்றாக உள்ளே சாயும். அதுவும் இல்லையென்றால் பாடி முழுக்க ஃபியட்டாக இருக்கலாம். விலை பேசுமுன் சேசிஸ் எண்ணைப் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள்.

வால்வு_கிளியரன்ஸ்
வேறு ஒரு பூக் 500-இல் பாக்ஸர் இன்ஜின் இருந்தாலும் அசல் என்று அப்படியே நம்பிவிட வேண்டாம். இதே கம்பெனியின் ஹாஃப்லிங்கர் ஜீப்பின் 643 சி.சி. இன்ஜினும் இதே குடும்பம்தான்: ஸ்ட்ரோக் அதே 64, போர் மட்டும் 80. மாற்றிப் போட்டிருக்கலாம், இன்ஜின் நம்பரைப் பாருங்கள்.

கம்ப்ரஷன் பார்க்கும்போது இன்ஜின் சூடாக இருக்கட்டும். இரண்டு பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்திச் சுற்றுங்கள். இரண்டு பக்கத்துக்கும் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் காரணம் தேட வேண்டும். ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்கும் வழக்கம் இங்கே சரிவராது. சிலிண்டர் படுத்திருப்பதால் ஆயில் அடியில் தேங்கும், ரிங் முழுக்கப் பரவாது. அதற்குப் பதில் பிளக் துளையில் காற்றழுத்தம் கொடுத்துக் கேளுங்கள். சைலன்சரில் இரைந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டரில் இரைந்தால் இன்லெட், ஆயில் ஊற்றும் வாயில் இரைந்தால் ரிங். கவனம்: இரண்டு பிஸ்டனும் ஒரே நேரத்தில் ஹெட் பக்க முனைக்கு வரும். எந்தப் பக்கம் ராக்கர் (வால்வைத் தள்ளும் கை) இரண்டும் தளர்வாக இருக்கிறதோ அதுதான் கம்ப்ரஷனில் இருக்கும் சிலிண்டர்.

ஒரு பக்க வால்வு மட்டும் கருகியிருந்தால், குளிர்காற்றை வழிநடத்தும் தகடுகள் எல்லாம் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். ஒரு தகடு விட்டுப்போனாலும், ஃபின்களில் ஆயிலோடு தூசி படிந்திருந்தாலும் அந்தப் பக்க ஹெட் கொதிக்கும்.

துரு_வேட்டை
இன்ஜினை மாற்றலாம், பாடி போனால் செலவுக்குக் கணக்கே இல்லை. தரைத்தகடு, கதவுக்குக் கீழே சில், முன்னால் பேட்டரி வைக்கும் தட்டு, இந்த மூன்றிலும் விரலால் அழுத்திப் பாருங்கள். முன்சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், கூட ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங்; மிதித்தும் ஆடினால் கிங்பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சு) தேய்மானம். கிரீஸ் அடிக்காமல் விட்ட வண்டிகளில் இது சகஜம்.

குமரன்_வி
நன்றி. 650 டி.ஆர். (இதே காரின் வேகமான வகை) ஒன்றும் பட்டியலில் இருக்கிறது, அதை எடுக்கலாமா?

இரட்டை_சிலிண்டர்
1966-இல் போலந்து ராலி ஓட்டுநர் ஸசாதா ஐரோப்பிய ராலி பட்டம் வென்ற மாடல் அது. அதனாலேயே சாதாரண 500-ஐ டி.ஆர். போலச் செய்து விற்பவர்கள் உண்டு. ஆவணம் இல்லாமல் அந்த விலை கொடுக்காதீர்கள்.