புதுப்பிப்பு: நாய் பாதி வந்துவிட்டது

ஸ்பானிஷில் 'பெரோ' என்றால் 'ஆனால்', 'பெர்ரோ' என்றால் நாய். என் வாயில் இரண்டும் ஒன்றாகவே வருகிறது என்று போன மாதம் புலம்பியிருந்தேன். ரகர றகரத்தைப் பிரித்துச் சொல்லிப் பழகுங்கள் என்றார் ஒருவர். சென்னையில் வளர்ந்தவனுக்கு அந்த வேறுபாடு எழுத்தில்தான் உண்டு, நாக்கில் ஏது! ஆனாலும் வேளச்சேரி பறக்கும் ரயிலில் நின்றபடியே, நுனிநாக்கை மேல்பல்லின் பின்மேட்டில் தளர்வாக வைத்து ஊதிப் பார்த்தேன். எதிர் இருக்கைப் பாட்டி தண்ணீர் பாட்டிலை நீட்டினார். இப்போது 'பெர்ரோ'வின் 'ர்ர' பத்துக்கு நான்கு முறை நாக்கில் உருளுகிறது.

எதிர்பாராத லாபம் 'நாதா'. 'ஒன்றுமில்லை' என்று பொருள். அதிலுள்ள 'த', நம் 'அது'வில் வரும் அதே மெல்லிய ஒலி. ஆங்கில 'டா'வை மறந்ததும் தானாக வந்துவிட்டது. 'வணக்கம்' என்று பொருள்படும் 'ஓலா'வை, எழுத்திலுள்ள ஆங்கில 'h'ஐப் பார்த்து 'ஹோலா' என்று சொல்வதுதான் இன்னும் போகவில்லை.